மலை ஈரத்தில் போர்டு கேம்: எதை வாங்கலாம், எப்படி வைத்துக்கொள்ளலாம்?

#1 தேயிலைமேடு, கோத்தகிரி

உலகத் தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள் வருகிறது என்று பார்த்து கேம் வாங்குவது கோயம்புத்தூரில் சரிப்படலாம். மலையில் சரிப்படாது. இங்கே ஒரு பெட்டியை எடுக்குமுன் முதலில் பார்க்க வேண்டியது அது எந்தப் பொருளால் ஆனது என்பதை. அடுத்து, மேசையில் உட்காரும் எல்லோரும் கார்டில் உள்ள இங்கிலீஷைப் படித்தாக வேண்டுமா என்பதை. ஆட்டத்தின் ஆழத்தை அதற்கப்புறம் பார்க்கலாம். எவ்வளவு ஆழமான கேமாக இருந்தாலும், மழைக்காலம் முடியும்போது போர்டு வளைந்து கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அலமாரியை விட்டு இறங்காது.

இந்தக் கணக்கில் என் முதலிடம் ஹைவ், எதிராளியின் ராணியைச் சுற்றி வளைக்கும் இருவர் ஆட்டம். ஜான் யியானி 2001-இல் வெளியிட்டது. ஆளுக்கு 11 காய்: ராணி 1, சிலந்தி 2, வண்டு 2, வெட்டுக்கிளி 3, எறும்பு 3. கனமான காய்கள், போர்டு கிடையாது, எழுத்து கிடையாது. ஈரத்துணியால் துடைத்து வைத்தால் போதும். நாலாவது முறைக்குள் ராணியை இறக்கியே ஆக வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகும் விதி. புதிதாக ஆடுபவர்கள் எறும்பை முதலிலேயே செலவழித்துவிடுகிறார்கள். மேசையில் சேர்ந்து நிற்கும் காய்க்கூட்டத்தின் ஓரமாக எவ்வளவு தூரமும் போகக்கூடிய காய் அது. எதிராளியின் காயை அசையவிடாமல் அடைக்க அதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாமிடம் அஸூல் (மைக்கேல் கீஸ்லிங், 2017). ஐந்து நிறத்தில் தலா 20, மொத்தம் 100 கெட்டி பிளாஸ்டிக் டைல். டைல்களை எடுக்கும் தட்டு இரண்டு பேருக்கு 5, மூவருக்கு 7, நால்வருக்கு 9. இரண்டு பேர் ஆடும்போதுதான் இதன் கூர்மை தெரியும். வைக்க இடமில்லாத டைல்கள் போய்ச் சேரும் தரை வரிசையில் ஏழு கட்டமும் நிரம்பினால் 14 புள்ளி போய்விடும். அதனால் ஒரே நிறத்தில் ஐந்தாறு டைல்கள் நடுவில் சேரும்படி விட்டு, எதிராளி அதை எடுக்க வேண்டிய நிலையை உண்டாக்குவதே ஆட்டம். மூன்றாமிடம் ஸ்ப்ளெண்டர்: 40 கனத்த சில்லு, ஈரத்துக்குப் பயப்பட வேண்டியது 90 கார்டுகளும் 10 பிரபு அட்டைகளும் மட்டும்.

வாங்க வேண்டாம் என்பது டெராஃபார்மிங் மார்ஸ். ஆளுக்கொரு மெல்லிய அட்டை, அதன்மேல் உற்பத்தியைக் குறிக்கும் கியூப்கள் சும்மா நிற்கின்றன. அட்டை லேசாக வளைந்தாலே கியூப் நகர்ந்து உற்பத்திக் கணக்கு கலைந்துவிடும். போதாததற்கு 200-க்கு மேற்பட்ட ப்ராஜெக்ட் கார்டுகள், ஒவ்வொன்றிலும் வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷ்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 லவ்டேல் பகடை, ஊட்டி

அண்ணா, ஹைவ், அஸூல் இரண்டுக்கும் கைதட்டுகிறேன். ஆனால் வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். ஈரத்தைச் சமாளிக்க வழி இருக்கிறது, ஆழமில்லாத கேமுக்கு வழியே இல்லை. மழைக்காலத்தில் நாலு மணிக்கே விளக்கு போட வேண்டியிருக்கும் ஊரில் நீளமான ஆட்டத்துக்குத்தான் நேரம் வாய்க்கும்.

விங்ஸ்பானை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் ஹார்கிரேவ், 2019. 170 பறவைக் கார்டு. நாலு சுற்றில் 8, 7, 6, 5 என்று ஆளுக்கு மொத்தம் 26 முறைதான் கிடைக்கும். குறையக் குறைய ஒவ்வொரு முறையின் மதிப்பும் ஏறும். முதல் சுற்றில் உணவும் கார்டும் தரும் பறவைகளை வைத்துவிட்டு, கடைசிச் சுற்றில் முட்டை இடுவதிலேயே முறைகளைச் செலவழிப்பது பொதுவாக லாபம். முட்டைக்கு ஒரு புள்ளி உறுதி. கடைசி இரண்டு முறையில் நாலு புள்ளிப் பறவையை வைக்க உணவு தேடுவது நஷ்டக் கணக்கு. பாட்டி முதல் பேரன் வரை பறவைகளை அறிந்த வீடுகள் இங்கே நிறைய. அந்த ஆர்வமே பாதி விதியைக் கற்றுக்கொடுத்துவிடும்.

இங்கிலீஷ் பிரச்சினைக்கு ஒரே தாள் போதும். கார்டுகளின் சக்தி மூன்றே வகை: வைத்தவுடன் ஒருமுறை வேலை செய்வது, அந்த வரிசையை இயக்கும்போதெல்லாம் வேலை செய்வது, மற்றவர் முறையில் வேலை செய்வது. பின்னணி நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம்: நிறமில்லை, பழுப்பு, இளஞ்சிவப்பு. உணவு, கூடு, வாழிடம் எல்லாம் படக்குறி. இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தால், சக்தி வாக்கியத்தை மட்டும் யாராவது ஒருவர் வாசித்துச் சொன்னால் போதும். ஒருவர் கையில் இருப்பது அடுத்தவருக்குத் தெரிந்தாலும் இந்த ஆட்டத்தில் பெரிய கேடு இல்லை.

#3 அருவங்காடு டைல்

ஆழமா பொருளா என்பதை நீங்கள் இருவரும் பேசித் தீருங்கள். ஈரத்தைச் சமாளிக்க வழி இருக்கிறது என்று தம்பி சொன்னதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் செய்வது பயனில்லாதது.

பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இரண்டு சின்னப் பொட்டலம் போட்டு மூடிவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறோம். கணக்கு போடுங்கள். காற்றின் ஈரப்பதம் 50% இருக்கும்போது காகிதமும் அட்டையும் தம் எடையில் சுமார் 7-8% நீரை வைத்திருக்கும். ஈரப்பதம் 80%-ஐத் தாண்டினால் அது 11-12% வரை ஏறும். 2 கிலோ அட்டை உள்ள கேமில் கூடுதல் நீர் மட்டும் சுமார் 80 கிராம். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால்பங்கு நீரை இழுக்கும் என்று வைத்தால் 300 கிராமுக்கு மேல் வேண்டும். 10 கிராம் பொட்டலம் என்ன செய்யும்? அதிலும் கேம் பெட்டியின் மூடி காற்றை அடைப்பதில்லை. வெளியிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும், ஜெல் இரண்டே நாளில் நிறைந்துவிடும்.

ஆகவே இரண்டு வேலையைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்று உலர்த்துவது. தை, மாசியில் காற்று வறண்டிருக்கும்போது பெட்டிகளைத் திறந்து நிழலில் ஓரிரு நாள் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், மலை வெயில் அச்சு நிறத்தை வெளுக்கும், ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து அட்டை முறுக்கும். இரண்டாவது, உலர்ந்ததை அப்படியே வைத்திருப்பது. மூடியில் ரப்பர் விளிம்பும் நாலு பக்கக் கிளிப்பும் உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஐந்தாறு கேமை மொத்தமாக வைத்து, உள்ளே 200 கிராம் ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் போடுங்கள். ஈரப்பதம் 45%-லிருந்து 55% வரை இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள், அதற்கு மேல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் மணிகளை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நிறம் மாறினால் ஓ.டி.ஜி. அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப உயிர்பெறும்.

பெட்டிகளை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். குளிர்ந்த சுவரில்தான் நீர் கோக்கும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கும், நாற்றமும் காகிதத்தை விட்டுப் போகாது. பூச்சிக்கு நல்லது என்று நீலகிரித் தைலத்தில் நனைத்த துணியைப் பெட்டிக்குள் வைப்பதும் தவறு. எண்ணெய்க் கறை கார்டில் ஏறினால் அந்தக் கார்டு எதுவென்று பின்பக்கம் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அறைக் காற்றின் ஈரத்தை இழுக்கும் கம்ப்ரெஸர் வகை டீஹ்யூமிடிஃபையர் வாங்க நினைப்பவர்களுக்கு: அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் பனி பிடித்து அதன் வேகம் குறையும். ஊட்டிக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெஸிக்கன்ட் வகையே பொருத்தம்.

#4 கூடலூர்28

வணக்கம். கூடலூர் மழையைப் பார்த்தவர்களுக்கு அருவங்காடு அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் உறைக்கும்.

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுகிற வீடுகளுக்கு ஒரு கேம் சொல்கிறேன்: தி க்ரூ. தாமஸ் ஸிங், 2019. நாலு நிறத்தில் 1 முதல் 9 வரை 36 கார்டு, துருப்பாக 4 ராக்கெட், ஆக 40. இறக்கிய நிறத்தையே போட வேண்டும், இல்லாவிட்டால் எதையும் போடலாம், துருப்பு வெட்டும். இருபத்தெட்டு தெரிந்தவருக்கு இதுவரை விளக்கமே தேவையில்லை. மாறுவது மூன்று. ஏலம் கிடையாது, நாலாம் ராக்கெட் வைத்திருப்பவரே கேப்டன். ஜாக்கி 3, ஒன்பது 2 என்ற மதிப்பெல்லாம் கிடையாது, பெரிய எண்ணே பெரிது. எல்லோரும் ஒரே அணி: இந்தக் கார்டை இவர்தான் பிடிக்க வேண்டும் என்ற பணிகள் இருக்கும், ஒன்று தவறினாலும் அந்தச் சுற்று தோல்வி.

பேசக்கூடாது. ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரே ஒருமுறை ஒரு கார்டைக் காட்டி, அது அந்த நிறத்தில் தன்னிடம் உள்ளதில் பெரியதா, சிறியதா, அது ஒன்றுதானா என்று மட்டும் டோக்கனால் சொல்லலாம். அந்த மூன்றில் எதுவும் பொருந்தாத கார்டைக் காட்டவே முடியாது. ராக்கெட்டைக் காட்டுவதும் கூடாது. சீட்டு ஆடிய கைகள் இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெரிய கார்டு வந்தால் பிடித்துவிடும் பழக்கம். இதில் பிடிக்காமல் நழுவுவதுதான் பாதி வேலை. ஒரு நிறத்தைச் சீக்கிரம் தீர்த்துக் கையைக் காலி செய்பவர் அணியைக் காப்பாற்றுவார்.

பணிப் புத்தகத்தில் 50 சுற்றுகள், ஒவ்வொன்றும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம். நாலு பேருக்குச் சிறப்பு. ஓயாமல் குலுக்குவதால் 40 கார்டுக்கும் ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) கட்டாயம்.

ஆழம் வேண்டும் என்ற லவ்டேல் தம்பிக்கும், எழுத்து வேண்டாம் என்ற தேயிலைமேடு அண்ணாவுக்கும் இது பொதுவாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பணிப் புத்தகத்தில் இங்கிலீஷ் உண்டு, ஆனால் அதை வாசிப்பது ஒருவர் வேலை.

#5 வில்பட்டி, கொடைக்கானல்

ஸ்லீவ் பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? ஹோம்ஸ்டேயில் விருந்தினருக்கு வைப்பதற்காகக் கேட்கிறேன். மூடுபனி ஜன்னல் வழியாக நேரே அறைக்குள் வரும் இடம். கேடன், டிக்கெட் டு ரைடு, பாண்டமிக் மூன்றும் வைக்கலாமா? காய் தொலைந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி உண்டா?

#6 தேயிலைமேடு, கோத்தகிரி

அக்கா, முதலில் ஸ்லீவ். கார்டை ஸ்கேலில் மில்லிமீட்டர் வரை அளந்துவிட்டு வாங்குங்கள், பெயரை நம்பாதீர்கள். சீட்டுக்கட்டு போன்ற 63.5×88, விங்ஸ்பானின் 57×87, சின்ன ஐரோப்பிய அளவு 44×68, டிக்ஸிட்டின் 80×120 என்று பல அளவு உண்டு. கார்டைவிட அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரி. இறுக்கமான ஸ்லீவில் மழைக்காலத்தில் கார்டு உப்பி வில்லாக வளையும்.

தடிமன்: 50 மைக்ரான், 100 மைக்ரான் என்று இரண்டு வகை பொதுவாகக் கிடைக்கும். 100 மைக்ரான் என்பது ஒரு பக்கத்துக்கு. 170 கார்டுள்ள விங்ஸ்பானில் அது 34 மில்லிமீட்டர் உயரத்தைக் கூட்டும், பெட்டி மூடாது. அடிக்கடி குலுக்கும் சின்னக் கட்டுக்கு 100, பெரிய கட்டுக்கு 50. ஈரமாக இருக்கும்போது ஸ்லீவ் போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். மாசியில் உலர்த்திய பிறகு போடுங்கள்.

ஊர்களுக்கு இடையே ரயில் பாதை பிடிக்கும் டிக்கெட் டு ரைடு ஹோம்ஸ்டேக்கு முதல் தேர்வு. ஆலன் மூன், 2004. விதி ஐந்து நிமிடம், நிறக் கார்டுகளில் நிறத்துக்கொரு குறியும் இருப்பதால் மங்கலான விளக்கிலும் குழப்பம் வராது. விருந்தினர் தவறுவது இரண்டு இடத்தில். இரண்டு அல்லது மூன்று பேர் ஆடினால் இரண்டு ஊருக்கு நடுவே பக்கம்பக்கமாக ஓடும் இரட்டைப் பாதையில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம், இதை விட்டுவிட்டால் ஆட்டத்தில் மோதலே இருக்காது. இன்னொன்று, நீளப் பாதையின் மதிப்பு: 1, 2, 3, 4, 5, 6 ரயில்பெட்டி நீளத்துக்கு முறையே 1, 2, 4, 7, 10, 15 புள்ளி. ஆறு ரயில்பெட்டிப் பாதையில் ஒரு ரயிலுக்கு இரண்டரைப் புள்ளி வருகிறது. 45 ரயில்தான் கையில். இதை ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி வைத்துவிடுங்கள். இந்திய வரைபடம் 2011-இல் வந்தது, நாலு பேர் வரை. ஆனால் அதில் ரயிலும் நிறக் கார்டும் வராது, மூல கேம் வேண்டும்.

காய் எண்ண, சமையலறை டிஜிட்டல் தராசு போதும். ஒவ்வொரு நிற ரயிலையும் தனி ஜிப் கவரில் போட்டு, முழுசாக இருக்கும்போது எடைபோட்டு மூடியின் உட்புறம் எழுதிவிடுங்கள். விருந்தினர் போன பிறகு கவரைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் காய்களை மட்டும் இப்படிச் செய்யுங்கள். கார்டையும் அட்டையையும் எடைபோட்டால் அருவங்காடு அண்ணன் சொன்ன ஈரக்கணக்கு குறுக்கே வரும். கார்டுகளை எண்ணத்தான் வேண்டும்.

#7 லவ்டேல் பகடை, ஊட்டி

கேடன் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. வையுங்கள், ஆனால் போர்டைச் சுற்றி மாட்டும் அட்டைச் சட்டகத்தின் பூட்டுப் பற்களைக் கவனியுங்கள். ஈரத்தில் அவை உப்பி இறுகும். அழுத்தித் திணித்தால் அட்டையின் அடுக்குகள் பிரியும். பிரிந்தால் பல்குத்தும் குச்சி நுனியில் ஃபெவிகால் எடுத்து அடுக்குக்குள் தடவி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். கார்டு எண்ணிக்கை: வளக் கார்டு ஐந்து வகையில் தலா 19, மொத்தம் 95. வளர்ச்சிக் கார்டு 25, அதில் 14 வீரர்.

ஆட்டத்தைப் பற்றி: பகடை ஏமாற்றிவிட்டது என்று கேடன்மேல் எல்லோரும் குறை சொல்கிறார்கள். இரண்டு பகடை விழும் 36 வழியில் 6-க்கும் 8-க்கும் தலா 5 வழி, 2-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. எண் வில்லையில் எண்ணுக்குக் கீழே உள்ள புள்ளிகள் அதைத்தான் சொல்கின்றன. முதல் இரண்டு வீட்டுக்கும் அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து இடம் பிடிப்பவருக்குப் பகடை அவ்வளவாக விரோதியாகாது. பேரம் பேசத் தயங்கும் கூட்டத்துக்குத்தான் கேடன் நீண்டுகொண்டே போகும்.

எல்லோரும் ஒரே அணியாக நோய்ப்பரவலைத் தடுக்கும் பாண்டமிக் (மாட் லீகாக், 2008) வைப்பதில் எனக்குச் சந்தோஷம், அதில் சென்னை இருக்கிறது. அலங்காரத்துக்கு வைத்த ஊரும் இல்லை. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று ஐந்து இணைப்பு. கறுப்பு நோய் சென்னையில் வெடித்தால் சிவப்பு வட்டாரத்துக்குள் நேரே பாயும். சென்னையில் மூன்று நோய்க் கியூப் சேர்ந்துவிட்டால் வேறெந்த வேலையையும் ஒத்திவைத்துவிட்டு அங்கே போய் ஒன்றையாவது எடுக்க வேண்டும். எல்லோரும் தவறும் விதி எபிடெமிக் கார்டு: கட்டின் அடியிலிருந்து ஒரு நகரை எடுத்து மூன்று கியூப் வைத்த பிறகு, கழித்துப்போட்ட கார்டுகளை மட்டும் குலுக்கி மேலே வைக்க வேண்டும். முழுக் கட்டையும் கலந்துவிட்டால் அதே நகரங்கள் திரும்பத் திரும்ப வரும் அழுத்தமே போய்விடும். மின்வெட்டு நேரத்து எமர்ஜென்சி விளக்கில் நீல, கறுப்பு கியூப்கள் ஒன்றாகத் தெரியும். இரண்டையும் தனித்தனி வெள்ளைக் கிண்ணத்தில் வையுங்கள்.

ஒரே ஆள் எல்லோர் முறையையும் ஆடிவிடும் கேடு பாண்டமிக்கில் உண்டு. அப்படி ஒருவர் இருக்கும் மேசைக்கு, பேச்சையே தடுக்கும் தி க்ரூதான் மருந்து. கூடலூர் அண்ணனோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

#8 அருவங்காடு டைல்

வளைந்த போர்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் ஹோம்ஸ்டேயில் கட்டாயம் வரும். அச்சிட்ட பக்கம் பூச்சு இருப்பதால் ஈரத்தை மெதுவாகக் குடிக்கும், பின்பக்கம் வேகமாகக் குடித்து உப்பும். அதனால் ஈரத்தில் ஓரங்கள் மேலே தூக்கும். உலர்ந்தால் நடு மேலே எழும்பும். ஓரம் தூக்கியிருந்தால் முதலில் டப்பாவில் ஜெல்லோடு ஓரிரு நாள் வைத்து உலர்த்திவிட்டு, பிறகுதான் எடை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு அழுத்தினால் எடையை எடுத்ததும் திரும்ப வளையும். கணப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கவே கூடாது.

குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த பெட்டியை, நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும் சூடான அறையில் உடனே திறக்காதீர்கள். காய்களில் நீர் கோக்கும். மூடியபடி அரை மணி நேரம் விடுங்கள். ஹீட்டர் போடுவதானால் மின்சார ஹீட்டர். கேஸ் ஹீட்டர் எரியும்போது நீராவியையும் சேர்த்தே விடும். அஸூலின் துணிப்பை, கார்க்கசோன் என்ற டைல் கேமுக்கு நீங்களே பை தைத்திருந்தால் அது, இரண்டையும் மாதம் ஒருமுறை வெயிலில் உலர்த்துங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது பையைத்தான்.

#9 கூடலூர்28

வில்பட்டி அக்கா, ஒரு சொல் குறிப்பை வைத்துத் தன் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்கும் கோட்நேம்ஸையும் சேருங்கள். ஆனால் இங்கிலீஷ் பெட்டி வேண்டாம், தமிழில் நாமே செய்துகொள்ளலாம். 300 ஜி.எஸ்.எம். ஐவரி அட்டையை 90×54 மில்லிமீட்டரில் அச்சகத்தில் வெட்டித் தருவார்கள், விசிட்டிங் கார்டு அளவு. 200 அட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொல், மொத்தம் 400. எதிரே உட்கார்ந்தவருக்கும் தெரியும்படி அதே சொல்லைத் தலைகீழாகவும் ஒருமுறை எழுதுங்கள். எந்தச் சொல் யாருடையது என்று குறிப்பு கொடுப்பவருக்கு மட்டும் காட்டும் வரைபடக் கார்டு 40: ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் தொடங்கும் அணிக்கு 9, அடுத்த அணிக்கு 8, பொதுமக்கள் 7, கொலையாளி 1.

சொற்களில் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக எடுங்கள். மாலை, ஆறு, நூல், படி, வேங்கை, திங்கள் போல இரண்டு பக்கம் இழுக்கும் சொற்கள் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும், அவை இல்லாவிட்டால் குறிப்பு கொடுப்பவருக்கு வேலையே இல்லை. மீதியில் வரையாடு, காட்டுமாடு, சோலை, மூடுபனி, மலைப்பூண்டு, கேரட் என்று நம் பக்கத்துச் சொற்களைப் போடுங்கள், வெளியூர் விருந்தினருக்கும் புரிபவைதாம்.

விதியில் இரண்டு சேர்க்க வேண்டும். மேசையில் மலை கிடந்தால் மலைப்பாதை, மலையாடு என்று கூட்டுச்சொல் சொல்லிக் குறிப்பு கொடுக்கக் கூடாது. வேற்றுமை உருபு ஒட்டிய சொல்லும் கூடாது, மழைக்கு என்று சொன்னால் அதிலேயே பாதி வாக்கியம் வந்துவிடும். இந்த இரண்டையும் ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட்டால் தகராறு வராது.

எழுத ஜெல் பேனா எடுக்காதீர்கள், ஈரக்கை பட்டால் கலங்கும். பர்மனென்ட் மார்க்கரின் மெல்லிய நுனி சரி. எழுதி ஒரு மணி நேரம் பரப்பி வைத்த பிறகு அடுக்குங்கள், இல்லாவிட்டால் மை அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டும்.